ஸக்லூலின் பெஜோ பேச மறுத்த வாரம்

மல்லவி டாக்ஸி ஸ்டாண்டில் ஸக்லூலைத் தெரியாது என்று ஒருவன் சொன்னால், அவன் அன்றைக்குத்தான் ரயிலை விட்டு இறங்கியிருக்க வேண்டும். ஆள் குள்ளம். சீட்டில் தலையணை போட்டு அதன் மேல் உட்கார்ந்தால்தான் ஸ்டியரிங்குக்கு மேலே சாலை தெரியும். ஆனால் நாக்கு மட்டும் ஆளைவிட அரை முழம் நீளம்.

நான் அந்த ஸ்டாண்டில் ஆள் கூவி ஏற்றுகிறவன். "மின்யா, மின்யா, ஒரே ஆள், ஒரே ஆள்!" என்று கூவுவேன். வண்டிக்குள் நாலு சீட் காலியாக இருந்தாலும் ஒரே ஆள்தான். இதைப் பொய் என்று சொல்லக்கூடாது. தொழில் என்று சொல்ல வேண்டும். இப்படி நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்திருப்பதால் ஊர்க்கதை எல்லாம் ஈ மாதிரி தானாக உள்ளே வந்துவிடும். நான் தேடிப் போவதில்லை.

ஸக்லூலின் அப்பா சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றியவர். அந்த வேலை வேண்டாம் என்று பட்டாளத்துக்குப் போன ஸக்லூல், அங்கே லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தான். பிறகு அங்கே இங்கே ஓட்டி, கடைசியில் வெள்ளை பெஜோ ஒன்று சொந்தமாக வாங்கினான். ஏழு பேர் உட்காருகிற நீள வண்டி. பெண்டாட்டி நஃபீஸா செத்துப் போனாள். பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு காலையிலும் இரவிலும் தள்ளுவண்டியில் ஃபூல் பயறும் ரொட்டியும்தான் சாப்பாடு. வெள்ளிக்கிழமை மட்டும் அவன் அக்கா இன்ஷிராஹ் மூடி போட்ட பாத்திரத்தில் ஏதாவது கொடுத்தனுப்புவாள்.

கொடுத்தனுப்புவாள் என்றுதான் சொன்னேன். வீட்டுக்குக் கூப்பிட்டுப் போட முடியாது. காரணம், அவள் புருஷன் அப்துல் மௌகூத்.

மௌகூத் மெக்கானிக். ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ஆள் எருமை மாதிரி, வேலையும் அப்படித்தான், அவசரமே கிடையாது. ஆனால் பெஜோ என்றால் அவர் கைதான். போன வருஷம் வசந்தப் பண்டிகையான ஷம்முன் நசீம் அன்று, ஊரே வாய்க்கால் கரையில் பாய் விரித்துப் புளித்த உப்பு மீன் தின்றுகொண்டிருந்தது. மௌகூத் அந்த மீனை வடக்கே எங்கேயோ இருந்து ஆள் வைத்து வரவழைத்திருந்தார். பெருமையாகப் பொட்டலத்தைப் பிரித்தார். ஸக்லூல் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அத்தான், இது மீனா, இல்ல என் வண்டி கிளட்ச் பிளேட்டா?" என்று கேட்டுவிட்டான். மௌகூத்தின் சம்பந்தி வீட்டார் பக்கத்துப் பாயில் இருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. எதிரே வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், இன்னொருவன் செருப்பைப் பார்ப்பான்.

இந்த நிலையில்தான் ஸக்லூலுக்குக் கல்யாண ஆசை வந்தது.

அவள் பெயர் தௌலத். பக்கத்து ஊர் தைர் மவாஸில் வீடு, அங்கேயே பெண்கள் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. விதவை. ஸக்லூல் வண்டியில் அடிக்கடி போவாள், நடு வரிசையில் ஜன்னலோரம். ஒரு நாள் குறுக்கே வந்த கழுதை வண்டிக்காரனை ஸக்லூல் வாய்க்கு வந்தபடி திட்டினான். திட்டி முடித்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"உஸ்தா, பேசி முடிச்சிட்டீங்களா? அந்தக் கழுதை இவ்வளவு நேரம் மரியாதையா நின்னு கேட்டுச்சு."

வண்டி முழுக்கச் சிரிப்பு. ஸக்லூலுக்குப் பதில் வரவில்லை. தைர் மவாஸ் போய்ச் சேரும்வரை வரவில்லை. திரும்பி வந்து என்னிடம், "டேய் ஷெஹாத்தா, அந்தம்மா யாரு, எந்த வீடு?" என்று கேட்டான். ஒரு பெண் இவன் வாயை மூடிவிட்டாள் என்றால் விஷயம் பெரிசு என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆள் விட்டுக் கேட்டோம். தௌலத் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் தம்பி பையூமி மட்டும் நிபந்தனை போட்டான். வியாழக்கிழமை சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு வர வேண்டும். மாப்பிள்ளை குடும்பத்தில் பெரிய மனுஷர் ஒருவர் கூட வந்து பெண் கேட்க வேண்டும். அப்புறம் இன்னொன்று.

"எந்த வண்டி எங்க அக்காவுக்குச் சோறு போடப் போகுதோ, அந்த வண்டியிலயே வரட்டும். இரவல் வண்டியில வர்றவங்க வாசல்லயே நிக்கட்டும்."

வெள்ளிக்கிழமை அஸ்யூத்திலிருந்து மாவுக்கடைக்காரர் ஒருவர் அதே பெண்ணைக் கேட்டு வருவதாக இருந்தது. பையூமிக்கு அவர் மேல் ஒரு கண். ஆக ஸக்லூலுக்கு இருந்தது வியாழக்கிழமை ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்து பெஜோ படுத்துவிட்டது.

திடீரென்று படுக்கவில்லை. சில வாரமாகவே பானெட்டுக்குள் டக் டக் என்று சத்தம். ஸக்லூல் என்ன செய்தான்? பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தான். வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை. பயணிகளை இறங்கித் தள்ளச் சொன்னான். கடைசியில் இப்ராஹிமியா வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது ஒரேயடியாக நின்றது. திறந்து பார்த்தால் வால்வுகளைத் திறந்து மூட வைக்கிற கேம் ஷாஃப்ட் தேய்ந்து போயிருந்தது. முட்டை வடிவில் இருக்க வேண்டிய மேடெல்லாம் வட்டமாகிவிட்டது. நேரத்துக்கு ஆயில் மாற்றாத பாவம்.

கெய்ரோவிலிருந்து புது ஷாஃப்ட் வந்தது. அதை மாற்ற வேண்டுமானால் ரேடியேட்டரைக் கழற்ற வேண்டும், இன்ஜின் தலையைத் தூக்க வேண்டும், செயினைப் பிரிக்க வேண்டும். அதற்கு மௌகூத்தை விட்டால் ஆள் இல்லை. இன்ஷிராஹ் புருஷனிடம் போய் நின்றாள். வெள்ளிக்கிழமை இனிமேல் வாத்து சமைக்க மாட்டேன் என்றாளாம். மௌகூத் சொன்னது இதுதான்:

"வண்டி என்ன பாவம் பண்ணுச்சு? அது என் மீனைக் குறை சொல்லலையே. கொண்டாரச் சொல்லு."

கொட்டகையில் வேலை தொடங்கியது. மௌகூத் டிரைவர் பக்கம் நின்று வேலை செய்தார். ஸக்லூல் எதிர்ப்பக்கம் நின்று எடுத்துக் கொடுத்தான். நடுவில், ரேடியேட்டர் இருந்த இடத்தில், நான். ஒருவர் சொல்வதை மற்றவருக்குச் சொல்வது என் வேலை. இரண்டு பேரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார்கள், காதும் நன்றாகக் கேட்கும். இருந்தாலும் பேச்சு என் வழியாகத்தான் போக வேண்டும்.

"ஷெஹாத்தா, பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் குடுக்கச் சொல்லு."

"ஸக்லூல், பதிமூணு ஸ்பேனர் குடுப்பியாம். குளிச்சிட்டுக் குடுக்கச் சொல்றாரு."

"டேய், அவர் அப்படிச் சொல்லல!"

"நீதான் அவர் பேச்சைக் கேக்கறதே இல்லையே, உனக்கெப்படித் தெரியும்?"

மௌகூத்தின் மீசை ஓரம் கொஞ்சம் ஆடியது. சிரிப்புதான். உடனே இருமலாக மாற்றிவிட்டார்.

புதன்கிழமை மாலைக்குள் எல்லாம் திரும்ப மாட்டியாயிற்று. மௌகூத் கையைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். ஸக்லூல் தலையணை மேல் ஏறி உட்கார்ந்து செல்ஃப் அடித்தான். கர்ர் கர்ர் என்று சுற்றியது. ஒரு தும்மல் தும்மியது. அவ்வளவுதான்.

"பெட்ரோல் வருதான்னு பாக்கச் சொல்லு," என்றார் மௌகூத்.

ஸக்லூல் இறங்கி வந்து கார்புரேட்டர் மேல் குனிந்தான். மௌகூத் ஜன்னல் வழியே கையை விட்டு மறுபடி செல்ஃப் அடித்தார். டமார்! கார்புரேட்டர் வழியே நெருப்பு ஒரு நாக்கு நீட்டி உள்ளே போனது. ஸக்லூல் நிமிர்ந்தபோது அவன் மீசையில் இடது பாதி இல்லை. பெண் பார்க்கப் போவதற்காகத்தான் முந்தின நாள் அதற்குக் கருப்புச் சாயம் போட்டிருந்தான்.

ஸ்டாண்டே கூடிவிட்டது. ஆளுக்கொரு வைத்தியம். கண் பட்டிருக்கிறது, சாம்பிராணி போடு என்றான் டீக்கடைக்காரன். போட்டோம். புகையில் எங்களுக்கு இருமல் வந்ததே தவிர வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்றார்கள் சிலர். தள்ளினோம். டப் டப் என்று வெடித்துக்கொண்டே கொட்டகையைச் சுற்றி வந்தது, கல்யாணத்தில் துப்பாக்கி சுடுகிற மாதிரி.

"போதும்! நிறுத்து!" மௌகூத் கத்தினார். வண்டியைப் பார்த்துத்தான் கத்தினார், ஸக்லூலைப் பார்த்தல்ல. "புது ஷாஃப்ட்டு. இன்ஜின் பிடிக்காம சும்மா சுத்தச் சுத்தச் சொரண்டிக்கிட்டே போகும். நாளைக்கு வேற ஷாஃப்ட்டுக்கு எங்க போறது?"

வியாழன் காலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிளக்கைக் கழற்றி இரும்பில் தொட வைத்து அடித்தார். நீல நெருப்புத் துள்ளியது. கரண்ட் இருக்கிறது. பிளக் ஓட்டையில் பெருவிரலை வைத்து மூடினார். விரலைத் தள்ளியது. கம்ப்ரஷன் இருக்கிறது. பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைத்தது. முன்மூடியை மறுபடி பிரித்து செயினைப் பார்த்தார். பல்சக்கரங்களின் குறி புள்ளிக்குப் புள்ளி நேராக நின்றது. வால்வு இடைவெளிகளைத் தகடு விட்டுப் பார்த்தார். பிளக் வயர்களைப் பார்த்தார். நகப்பூச்சுப் புள்ளிகள் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வரிசையாக இருந்தன.

நகப்பூச்சு கதையைச் சொல்ல வேண்டும். வேலை தொடங்குமுன் வயர்களைக் கழற்றியவன் ஸக்லூல். எது எந்த சிலிண்டருக்கு என்று மாறிப்போகாமல் இருக்க, இன்ஷிராஹ்வின் சிவப்பு நகப்பூச்சை வாங்கி வந்து ஒவ்வொரு வயரிலும் புள்ளி வைத்தான். ஒன்றாவதுக்கு ஒரு புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டு, இப்படி. அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் மௌகூத் திரும்ப மாட்டினார்.

மதிய ளுஹர் பாங்கு சொல்லியாயிற்று. ஸக்லூல் ஒரு கவிழ்த்த டின் மேல் உட்கார்ந்திருந்தான். ஸக்லூல் பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஷெஹாத்தா," என்றான் மெதுவாக. "மாவுக்கடைக்காரன் நல்லவனா இருப்பான்ல?"

"தடியனாம். குறட்டை விடுவானாம்," என்றேன். எனக்கு அவனைத் தெரியவே தெரியாது. நண்பனுக்காக இதுகூடச் சொல்லாவிட்டால் எப்படி?

மௌகூத் பானெட்டுக்குள் பார்த்தபடியே சொன்னார். "வயரைக் கழட்டினப்போ வரிசையா எண்ணினானான்னு கேளு."

"எண்ணினியான்னு கேக்கறாரு."

"ஒழுங்கா வலப்பக்கத்துலருந்துதான் ஆரம்பிச்சேன்னு சொல்லு. என்ன, இங்கிலீஷ்காரனாட்டம் இடப்பக்கத்துலருந்தா ஆரம்பிப்பேன்?"

"நானும் வலப்பக்கத்துலருந்துதான் மாட்டினேன்னு சொல்லு."

இருவரும் சரியாகத்தான் சொன்னார்கள். எங்கள் ஊரில் எழுதுவதும் வலப்பக்கத்திலிருந்துதான், அடுக்குவதும் வலப்பக்கத்திலிருந்துதான். இதில் என்ன சந்தேகம்?

அந்த நேரத்தில் அஸ்யூத் ரயில் வந்து சேர்ந்தது. ஸ்டாண்டில் மூட்டையும் முடிச்சுமாக ஒரு கூட்டம். என்னைக் கூப்பிட்டு அலறினார்கள். நான் போய்விட்டேன். "ஒரே ஆள், ஒரே ஆள்" என்று கூவினாலும் கண் மட்டும் கொட்டகையில்தான் இருந்தது.

இடையில் பேச ஆள் இல்லை. மௌகூத் இருமினார். ஸக்லூல் எழுந்து தன் பக்கம் வந்து நின்றான். மௌகூத் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். ஒன்றாம் நம்பர் எது, காட்டு என்று அர்த்தம். ஸக்லூல் குனிந்து ஒரு சிலிண்டர் மேல் விரலை வைத்தான். மௌகூத்தும் அதே நேரம் தன் ஒன்றாம் நம்பர் மேல் விரலை வைத்தார்.

ஒரு விரல் ரேடியேட்டர் ஓரத்தில் இருந்தது. இன்னொரு விரல் டிரைவர் கால் பக்கச் சுவர் ஓரத்தில் இருந்தது.

இரண்டு பேரும் விரலை எடுக்கவில்லை. நான் ஒரு கிழவியின் கோழிக்கூடையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

"அத்தான்," என்றான் ஸக்லூல். நேராக. முகத்தைப் பார்த்து. "யாரோட வலப்பக்கம்?"

மௌகூத் அவனைப் பார்த்தார். பிறகு விரலைப் பார்த்தார். பிறகு அவன் நிற்கிற பக்கத்தையும் தான் நிற்கிற பக்கத்தையும் பார்த்தார். எதிரும் புதிருமாக நிற்கிற இரண்டு பேருக்கு வலப்பக்கம் ஒன்றாக இருக்குமா?

"அடப் பாவி," என்றார். "ஒன்னை நாலுல மாட்டியிருக்கேன். ரெண்டை மூணுல. வால்வு திறந்து கெடக்கும்போது நெருப்பு வந்தா அது மூஞ்சிலதான் அடிக்கும். அப்புறம் எப்படிடா ஸ்டார்ட் ஆகும்?"

"நான் சரியாத்தான் புள்ளி வெச்சேன்."

"பெஜோவுக்கு ஒன்னாம் நம்பர் சுவர்ப் பக்கம்தான்டா. கம்பெனிக்காரனே அப்படித்தான் எண்ணுறான். நான்தான் சரி."

"அப்ப ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஊரெல்லாம் பேசற வாய்தானே!"

"நீங்கதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க!"

"நீதான்டா என் மீனை…"

"அத்தான், மீனை அப்புறம் பேசலாம். வயரை மாத்துங்க, அஸர் ஆகப் போகுது!"

கோழிக்கூடையைக் கிழவி என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். நான் ஓடினேன். நான் போவதற்குள் வயர்கள் இடம் மாறியிருந்தன. ஸக்லூல் தலையணை மேல் தாவினான். இந்தத் தடவை யாரும் கார்புரேட்டர் பக்கம் குனியவில்லை. ஒரு சுற்று. இரண்டாம் சுற்று பாதியில், புர்ர்ர் என்று பிடித்துக்கொண்டது.

டீக்கடைக்காரன் தன் சாம்பிராணிதான் வேலை செய்தது என்றான். இன்றுவரை அப்படித்தான் சொல்கிறான்.

"காலை எடுக்காதே!" மௌகூத் ஜன்னலில் தலையை விட்டுக் கத்தினார். "புது ஷாஃப்ட்டு, மெதுவா ஓட விட்டா எண்ணெய் மேல போகாது. இப்படியே வேகமா ஓடட்டும். நிறுத்தவும் கூடாது."

"குளிக்கணும் அத்தான். துணி மாத்தணும்."

"குளிச்சிட்டு வந்தா ஷாஃப்ட்டு போயிடும், ஷாஃப்ட்டு போனா பொண்ணு போயிடும். எது வேணும்?"

இன்ஷிராஹ் ஓடிப்போய் சலவை செய்த நீள அங்கியைக் கொண்டு வந்தாள். காலை ஆக்ஸிலரேட்டரில் வைத்தபடியே ஸக்லூல் அதை மாட்டினான். உள்ளே கிரீஸ், வெளியே வெள்ளை. மிச்சமிருந்த பாதி மீசையை நான் டீக்கடைக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டிவிட்டேன். வண்டியை எடுக்கப் போனான். கூட வர வேண்டிய பெரிய மனுஷரைப் பற்றி அதுவரை யாரும் வாய் திறக்கவில்லை.

மௌகூத்தே முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"உனக்காக வரல," என்றார். "உன் காலை நம்ப முடியாது. ஷாஃப்ட்டுக்காக வர்றேன்."

நான் பின்னால் ஏறிக்கொண்டேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் இப்படி ஒரு நாளில் என்னை விட்டுவிட்டுப் போனால் ஊருக்கு யார் சொல்வது?

தைர் மவாஸில் பையூமி வாசலிலேயே நின்றான். முதலில் வண்டியைச் சுற்றி வந்தான். டயரைக் காலால் தட்டினான். பிறகுதான் எங்களை உள்ளே கூப்பிட்டான். டீ வந்தது. டீ வந்தால் மகிழ்ச்சிப்பட ஒன்றுமில்லை. யார் வந்தாலும் டீ உண்டு. பெண் தருகிற வீட்டில் சர்பத் வர வேண்டும். உள் அறைத் திரை அசைந்தது. அதற்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று எனக்கும் தெரிந்தது, ஸக்லூலுக்கும் தெரிந்தது.

பையூமி மௌகூத்தைப் பார்த்து நேராகக் கேட்டான். "ஹாஜி, நீங்க வயசுல பெரியவர். அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்லுங்க. இவர் எப்படிப்பட்ட ஆளு?"

ஒரு வருஷக் கோபத்தைத் தீர்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? ஸக்லூல் தன் கால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

மௌகூத் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"நாக்கு மோசம்," என்றார். "அதைச் சரி பண்ண எங்கிட்ட ஸ்பேனர் இல்ல."

திரைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம்.

"இவன் பொண்டாட்டி நோவுல கெடந்தப்போ, வண்டியில பின் சீட்டைக் கழட்டிட்டு மெத்தை போட்டான். வாரா வாரம் மின்யா ஆஸ்பத்திரிக்கு அதுல படுக்க வெச்சு ஓட்டிக்கிட்டுப் போனான். குழி வர்ற இடத்துல எல்லாம் நடக்கற மாதிரி ஓட்டுவான். அந்த சீட்டைக் கழட்டிக் குடுத்தது நான். அதனால எனக்குத் தெரியும். இவ்வளவு பேசறவன், அதைப் பத்தி மட்டும் இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

நான் எத்தனையோ வருஷமாக அந்த ஸ்டாண்டில் நிற்கிறேன். எனக்கே தெரியாத கதை அது.

பையூமி திரையின் பக்கம் பார்த்தான். உள்ளே கண்ணாடிக் கிளாஸ்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம், கரண்டி சுற்றுகிற சத்தம். பிறகு ஒரு சின்னப் பெண் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எல்லாம் சிவப்பு சர்பத்.

"சரி," என்றான் பையூமி, கொஞ்சம் அலுப்போடு. "அவளே கலக்கிட்டா. இனி நான் என்ன சொல்ல இருக்கு? கையை நீட்டுங்க."

நிச்சயத்தை உறுதி பண்ண ஃபாத்திஹா ஓதக் கைகளை விரித்தோம். மௌகூத் கையும் ஸக்லூல் கையும் நகக்கண்வரை கருப்பு. ஓதி முடித்து முகத்தில் தடவியதும் உள்ளிருந்து குலவைச் சத்தம் கிளம்பியது. முதலில் ஒரே ஒரு குரல். பையூமி திடுக்கிட்டுத் திரும்பினான். மணப்பெண்ணே முதல் குலவையிடுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. கொஞ்சம் பொறுத்து, மற்ற பெண்களும் வேறு வழியில்லாமல் சேர்ந்துகொண்டார்கள்.